நாங்களே எழுதுவதா, இரவல் வாங்குவதா?

(எமது வானொலியின் மாதாந்த உரை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் வருமான வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியச் சேமிப்பு என்று பேசுகிற நான் இன்றைக்குக் கணனி மென்பொருள் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அண்ணை, கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இதிலை என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் படித்தது வர்த்தகம். ஒரு வரி நிரல்கூட எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் இங்கே ரொறன்ரோவில் எங்களுடைய தமிழ்ப் பள்ளிகள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள் சிலவற்றின் கணக்கைப் பார்ப்பவன் என்ற முறையில், நிர்வாகக் கூட்டங்களில் ஒரே விவாதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். எங்களுக்குத் தேவையான மென்பொருளை எங்கள் பிள்ளைகளே முழுவதும் எழுதுவதா, அல்லது பிறர் எழுதி வைத்திருக்கும் பகுதிகளை எடுத்துப் பொருத்துவதா என்பதுதான் அது.

இது கணனிக்காரரின் கேள்வி போலத் தோன்றினாலும் வர்த்தகம் படித்தவர்களுக்கு மிகப் பழைய கேள்வி. ஒரு தொழிற்சாலை தனக்கு வேண்டிய ஆணியைத் தானே செய்வதா, வெளியில் வாங்குவதா என்று கிரயக் கணக்கியல் பாடத்தில் நாங்கள் எல்லோரும் கணக்குச் செய்திருக்கிறோம். ஆகவே அந்த வழியிலேயே இதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். மென்பொருள் எழுதுபவர்கள் 'லைப்ரரி' என்று சொன்னால் அது புத்தகம் இரவல் தரும் நூலகம் அல்ல. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்காக ஒருவரோ ஒரு குழுவோ எழுதி, மற்றவர்களும் பாவிக்கலாம் என்று வெளியே வைத்திருக்கும் நிரல் தொகுப்பு அது. திகதி கணக்கிட ஒன்று, எழுத்துகளை அச்சிட ஒன்று, கடவுச்சொல்லைக் காக்க ஒன்று என்று இலட்சக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டுக் குசினியை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளைக் கடையில் வாங்கினால் பலருக்குத் திருப்தி வராது. கொத்தமல்லி எவ்வளவு, சீரகம் எவ்வளவு, எந்தப் பதத்துக்கு வறுப்பது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. ஆனால் எந்த வீட்டிலும் உப்புக் காய்ச்சுவதில்லை. ஊரில் ஆனையிறவு உப்பு வாங்கினோம், இங்கே கடை உப்பு வாங்குகிறோம். மென்பொருளிலும் எது தூள், எது உப்பு என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் கணக்காய்வு செய்யும் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஏறத்தாழ 300 பிள்ளைகள் படிக்கிறார்கள். பல வருடங்களாக எக்செல் தாளில் வைத்திருந்த பதிவுகளை ஒழுங்கான மென்பொருளுக்கு மாற்றத் தீர்மானித்தார்கள். முன்பு அதே பள்ளியில் படித்த இரண்டு பேர் தொண்டாக முன்வந்தார்கள். ஒருவர் பல்கலைக்கழகத்தில் கணனி படிக்கும் தம்பி. மற்றவர் மென்பொருள் துறையில் வேலை செய்யும் பிள்ளை.

"எல்லாத்தையும் நாங்களே எழுதுவம் அங்கிள். அப்பத்தான் உள்ளுக்கை என்ன இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார் தம்பி.

"தம்பி, நீ எழுதி முடிக்க ரெண்டு வருசம் போகும். எல்லாத்துக்கும் லைப்ரரி கிடக்கு. எடுத்துப் பொருத்தினால் ரெண்டு மாசம்" என்றார் அந்தப் பிள்ளை.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் முழு மென்பொருளுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆகவே மென்பொருள் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஐந்து வேலைகள் வந்தன. பிள்ளைகளின் பெயர்ப் பதிவு, கட்டணக் கணக்கு, தமிழில் பற்றுச்சீட்டு, இணைய வகுப்பு நேரம், பெற்றோரின் கடவுச்சொல். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர்ப் பதிவுக்கு ஆயத்தமான படிவ லைப்ரரிகள் நிறைய உண்டு. அவற்றில் பல மேலைநாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். எங்களுக்கோ குடும்பப்பெயர் என்ற ஒன்று வழக்கத்தில் இல்லை. தகப்பனின் பெயரைப் பிள்ளை கடைசிப்பெயராக எழுதும். தாயின் கடைசிப்பெயர் அவருடைய தகப்பன் பெயராகவும் இருக்கலாம், கணவன் பெயராகவும் இருக்கலாம். அதற்கு மேல், அகதி விண்ணப்பத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறகு எடுத்த கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்று வாழ்கிற சனம் நாங்கள். இதை வெளியார் எழுதிய லைப்ரரி புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டணக் கணக்கும் அப்படித்தான். இந்தப் பள்ளியில் இரண்டாவது பிள்ளைக்கு அரைக் கட்டணம், மூன்றாவது பிள்ளைக்கு இலவசம். ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்கள்தான் ஒரே குடும்பம் என்று மென்பொருள் நினைத்தால் சலுகை தவறான இடத்துக்குப் போகும். ஆகவே இந்த இரண்டும் தூள். நாங்களே அரைக்க வேண்டும்.

மூன்றாவது, தமிழில் பற்றுச்சீட்டு. தமிழ் எங்களுடையது, ஆகவே இதையும் நாங்களே எழுதுவோம் என்று தம்பி ஆசைப்பட்டார். ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் எங்கள் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யுனிகோட் முறையில் கணனிக்கு அது ஐந்து குறியீடுகள். த ஒன்று, ம ஒன்று, அதன் விசிறி ஒன்று, ழ ஒன்று, குற்று ஒன்று. இது தெரியாமல் பெயருக்கு இத்தனை எழுத்துத்தான் என்று எல்லை வைத்தால் 'செல்வன்' என்ற பெயர் குற்று இழந்து 'செல்வன' என்று அச்சாகும். 'கொ' என்ற எழுத்தைச் சேமிக்கும்போது ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு. காட்டும்போது கொம்பு முன்னால், அரவு பின்னால் வர வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவர்கள் கொம்பை முதலில் தட்டிய ஞாபகம் வைத்திருப்பீர்கள். அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிப்பு வரிசையும். யுனிகோடில் அப்படியல்ல. இந்த இடம்மாற்றத்தைச் சரியாகச் செய்வதற்கென்றே ஹார்ப்பஸ் என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. பயர்பொக்ஸ், குரோம், அன்ட்ரொயிட், லிப்ரே ஒபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. உலகம் முழுவதும் தினமும் சோதிக்கப்படும் ஒன்றை விட்டுவிட்டு ஒரு தொண்டர் சனிக்கிழமை பின்னேரங்களில் அதை மறுபடி எழுதுவது உப்புக் காய்ச்சுவதற்குச் சமம்.

நான்காவது, நேரம். இந்தப் பள்ளியின் இணைய வகுப்பு ஒன்றை யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை நடத்துகிறார். கோடையில் ரொறன்ரோவுக்கும் அங்கேயும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். குளிர்காலத்தில் பத்தரை. "இதுக்கு லைப்ரரி எதுக்கு? ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக் குறைச்சால் சரிதானே" என்று தோன்றும். ஆனால் எந்தத் திகதியில் மாற்றுவது என்பதே மாறிவிடும். 2007 இல் ஒன்ராறியோவில் கோடை நேரம் தொடங்கும் நாளும் முடியும் நாளும் மாற்றப்பட்டன. இலங்கையில் 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரை மணிக்கே திரும்பினார்கள். அந்தக் காலம் முழுவதும் வன்னியில் பழைய நேரம்தான் ஓடியது. "புது நேரமோ, பழைய நேரமோ?" என்று கேட்டுக் கேட்டுத் தொலைபேசி எடுத்தது உங்களில் பலருக்கு மறந்திருக்காது. இந்த மாற்றங்களை நாடுவாரியாகக் குறித்து வைத்திருக்கும் நேர வலயத் தரவுத் தொகுப்பு ஒன்று உண்டு. அமெரிக்கரான ஆதர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது. எங்கள் புது நேரம் பழைய நேரக் கதையும் அதற்குள் பதிவாகியிருக்கிறது. உலகின் எத்தனையோ கணனிகள் அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்கின்றன. எங்கள் பள்ளியும் அதைப் பார்க்கலாம்.

ஐந்தாவது, கடவுச்சொல். இதில் விவாதமே வேண்டாம். கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் முறையைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கக் கூடாது. தான் போட்ட பூட்டைத் தானே திறக்க முடியாமல் போவது பெரிய விடயமல்ல. கள்ளனால் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். 1999 இல் வெளியான பிகிரிப்ற், 2015 இல் ஒரு சர்வதேசப் போட்டியில் தெரிவான ஆர்கன்2 போன்ற முறைகளை நிபுணர்கள் வருடக்கணக்காக உடைத்துப் பார்க்க முயன்றிருக்கிறார்கள். அப்படிப் பரீட்சிக்கப்பட்டதுதான் எங்களுக்கு வேண்டும். கடவுச்சொல்லோடு கலக்கும் ஒரு பொருளுக்கு அந்தத் துறையில் பெயரே 'உப்பு' என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சரி, உப்பு எல்லாவற்றையும் வெளியில் எடுத்தாயிற்று, இலவசம், சந்தோஷம் என்று போய்விடலாமா? கணக்காளனின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. விலை இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமல்ல.

இங்கே வீடு வாங்கும்போது உறவினருக்குக் கோ-சைன் வைக்கிறோம். அன்றைக்கு எங்கள் கையிலிருந்து ஒரு டொலரும் போகாது. ஆனால் அவர் கட்டத் தவறினால் வங்கி எங்கள் கதவைத் தட்டும். வெளி லைப்ரரியை எடுப்பதும் அப்படி ஒரு கையெழுத்துத்தான். ஐந்தொகையில் நிகழத்தக்க பொறுப்பு என்று எழுத வேண்டியது. அதிலும் ஒரு சிக்கல், நீங்கள் கையெழுத்து வைத்த ஆள் ஏற்கெனவே வேறு நாலு பேருக்குக் கையெழுத்து வைத்திருப்பார். ஒரு லைப்ரரி வேறு பல லைப்ரரிகளில் தங்கியிருக்கும். அவை இன்னும் பலவற்றில்.

2016 மார்ச் மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஒரு சொல்லின் இடது பக்கத்தில் தேவையான இடைவெளியை நிரப்பும் 'லெப்ற்-பாட்' என்ற பதினொரு வரி நிரல். அதை எழுதியவர், ஒரு பெயர்த் தகராற்றில் கோபம்கொண்டு தன்னுடைய நிரல்கள் எல்லாவற்றையும் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பதினொரு வரியில் தாங்கள் தங்கியிருப்பதே தெரியாத பெரிய மென்பொருள்களையெல்லாம் சில மணித்தியாலம் கட்டியெழுப்ப முடியாமல் போயிற்று. பத்து வரியில் நாங்களே எழுதக்கூடியதற்குக் கோ-சைன் எதற்கு?

அடுத்தது எங்கள் நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது. இணையத்தில் தகவலை மறைத்து அனுப்ப உதவும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்ற லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது 2014 ஏப்ரல் 7 இல் வெளியே தெரிந்தது. இரண்டு வருடமாக அது அங்கேயே இருந்தது. வரிப் படிவம் அனுப்பும் உச்ச காலத்தில் கனடா வருமான வரி முகவரகம் தன் இணையச் சேவையைச் சில நாட்கள் மூட வேண்டிவந்தது. ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் களவுபோயின. கடைசித் திகதி மே 5 வரை நீட்டப்பட்டது. உலகத்து வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்த லைப்ரரியில் அன்றைக்கு முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர். அவர்களுக்கு வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். கணக்காளன் என்ற முறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த எண் இதுதான்.

2021 டிசம்பரில் 'லொக்4ஜே' என்ற லைப்ரரியில் ஓட்டை தெரியவந்தபோது கியூபெக் மாகாண அரசு முன்னெச்சரிக்கையாகக் கிட்டத்தட்ட 4,000 இணையத்தளங்களை மூடியது. எதற்குள் அந்த லைப்ரரி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. 2017 இல் 'எக்குபாக்ஸ்' என்ற கடன் தகவல் நிறுவனத்தில் 14 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்களின் விபரங்களும் ஏறத்தாழ 19,000 கனடியர்களின் விபரங்களும் களவுபோயின. அங்கே பாவித்த லைப்ரரியின் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வெளிவந்துவிட்டது. கள்ளன் உள்ளே வந்தது மே மாதம். மருந்து கடையில் இருந்தது, வாங்கிப் போடவில்லை.

இதையெல்லாம் கேட்ட தம்பி, "நான் அப்பவே சொன்னன் அங்கிள், எல்லாத்தையும் நாங்களே எழுதியிருக்கலாம்" என்றார். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வேறொரு ஊர்ச் சங்கத்தில் ஒரு கெட்டிக்காரப் பெடியன் உறுப்பினர் பதிவுக்கு எல்லாவற்றையும் சொந்தமாக எழுதிக் கொடுத்தார். நல்ல வேலை. பிறகு அவருக்கு வன்கூவரில் உத்தியோகம் கிடைத்து, கலியாணமும் முடிந்தது. இன்றைக்கு அந்தப் பதிவுகள் ஒருவருடைய நிலக்கீழ் அறையில் ஒரு பழைய கணனியில் இருக்கின்றன. அதை நிறுத்தினால் திரும்ப எழும்புமோ என்ற பயத்தில் யாரும் தொடுவதில்லை. அவரில் பிழையில்லை. தொண்டரின் நேரமும் ஒரு செலவு என்று சங்கம் எழுதி வைக்கவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் நிரல் எழுதித் தருகிறது என்கிறார்கள். உண்மை. எழுதும் செலவு குறைந்துவிட்டது. ஆனால் ஐந்து வருடம் கழித்து அது பிழைக்கும்போது யார் பதில் சொல்வது என்ற செலவு அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் சில கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். இது எங்களுக்கே உரிய விடயமா, உலகத்துக்குப் பொதுவானதா? பிழைத்தால் என்ன போகும், ஒரு பற்றுச்சீட்டா, ஒரு குடும்பத்தின் விபரமா? எழுதியவர் இன்னும் பராமரிக்கிறாரா, கடைசியாக எப்போது திருத்தினார்? அவர் கைவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்ட முடியுமா? பாவிப்பதற்கான உரிமப் பத்திரம் என்ன சொல்கிறது? இலவசம் என்றாலும் நிபந்தனை உண்டு. பதில்களை ஒரு தாளில் எழுதி, எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, யார் பொறுப்பு என்று பட்டியலாக வைக்க வேண்டும். கடையில் சரக்கிருப்புப் பதிவது போலத்தான். புதிய ஓட்டை பற்றிய செய்தி வந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லலாம்.

ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கு இவ்வளவு யோசனை வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மென்பொருளுக்குள் இருக்கப்போவது என்ன? 300 பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம். பெயர்ப் பட்டியல் என்றாலே நெஞ்சு திடுக்கிடும் சனம் நாங்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். பட்டியலைத் தயாரித்தவர் அதற்காகத் தயாரிக்கவில்லை. ஆனால் பிழையான கைக்குப் போன பிறகு பட்டியல் யாருடைய சொல்லையும் கேட்பதில்லை. இன்றும் ஊரில் உறவினரை வைத்துக்கொண்டு இங்கே வாழும் குடும்பங்கள் எங்களிடையே இருக்கின்றன. எங்களை நம்பி ஒரு தாய் தன் விலாசத்தை எழுதித் தருகிறார் என்றால், அதை வைக்கும் பெட்டியின் பூட்டு எங்கே செய்தது, யார் பார்க்கிறார் என்று அவருக்குச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

அதனால் அந்தப் பள்ளி இன்னொரு தீர்மானமும் எடுத்தது. பழைய படிவத்தில் பெற்றோரின் சொந்த ஊர் என்று ஒரு பெட்டி இருந்தது. அது எதற்கு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எடுத்துவிட்டார்கள். சேர்க்காத தகவலை யாரும் களவெடுக்க முடியாது.

கடைசியில் பெயர்ப் பதிவும் கட்டணமும் சொந்த நிரல். அதைத் தம்பி எழுதினார், இன்னொருவர் வாசித்து விளங்கும்படி குறிப்பும் எழுதி வைத்தார். மற்ற மூன்றும் வெளி லைப்ரரிகள். பட்டியல் செயலாளரிடமும் அந்தப் பிள்ளையிடமும் இருக்கிறது. மாதம் ஒரு தடவை பார்க்கிறார்கள். வருட வரவுசெலவுத் திட்டத்தில் அந்த லைப்ரரிகளைப் பராமரிப்பவர்களுக்கு 100 டொலர் நன்கொடை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "இலவசமாய்க் கிடைக்கிறதுக்கு ஏன் காசு?" என்று பொருளாளர் கேட்டார். நான் இந்த வானொலியைத்தான் உதாரணம் காட்டினேன். இதுவும் கேட்பவர்களுக்கு இலவசம்தான். ஆனால் அலைவரிசைக்கும் மின்சாரத்துக்கும் யாரோ கட்டுகிறார்கள், யாரோ இரவில் வந்து இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிறார்கள். அந்த வரி ஏகமனதாக நிறைவேறியது.

உங்கள் சங்கத்திலோ கடையிலோ கோயிலிலோ மென்பொருள் பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு எழும்பிப் போகாதீர்கள். நிரல் விளங்காவிட்டாலும் பொறுப்பு உங்களுக்கு விளங்கும். எது எங்களுடையது, எது இரவல், இரவலுக்கு யார் பொறுப்பு என்று மூன்றையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்த மாதம் வாடகை வருமானமும் வரியும் என்ற விடயத்தோடு சந்திக்கிறேன். கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள்.